மஸ்பூக் என்பவர் யார்?

அரபி மத்ரஸாக்களில் ஓதும் பிள்ளைகளிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பகல் சாப்பாட்டுக்கு ஸஹன் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து நாலு பிடி சாப்பிட்ட பிறகு ஒருவர் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவார். உடனே ஒரு குரல் எழும்: "மஸ்பூக் வந்துவிட்டார், இடம் விடுங்கள்!" இன்னொருவர், "முதல் ரக்அத்து தவறிவிட்டது, இனிக் கறித்துண்டு கிடைக்காது" என்பார். நாமும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நம்மைச் சொல்லக் கேட்டு அசடு வழிய உட்கார்ந்தும் இருக்கிறோம்.

அந்த வயதில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் ஓதி முடித்து ஸனது வாங்கி வெளியே வந்த பிறகும் அந்தச் சொல் நம் நாவில் வேடிக்கையாகவே தங்கிவிட்டது. அதனால் ஒரு மனிதரின் உள்ளத்தை நாம் உடைக்க நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம்.

ஜமாஅத்துத் தொழுகை தொடங்கிய பிறகு வந்து இமாமுடன் சேருகிறவரை ஃபிக்ஹுக் கிதாபுகள் மஸ்பூக் என்று அழைக்கின்றன. தமிழில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது "பிந்தி வந்தவர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கருத்து சரிதான், ஆனால் சொல்லின் அமைப்பு அதுவல்ல. 'ஸபக' என்றால் முந்தினான் என்று பொருள். முந்துகிறவர் ஸாபிக், முந்தப்பட்டவர் மஸ்பூக். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். ஹாமித் என்றால் புகழ்கிறவர், மஹ்மூத் என்றால் புகழப்பட்டவர். நாஸிர் உதவி செய்கிறவர், மன்ஸூர் உதவி செய்யப்பட்டவர். அதே வரிசையில் வருவதுதான் மஸ்பூக். இவர் என்ன செய்தார் என்பதை அந்தச் சொல் சொல்லவேயில்லை. மற்றவர்கள் இவரை முந்திவிட்டார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. சோம்பலால் பிந்தினாரா, வேலையால் பிந்தினாரா, நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாரா என்று அது விசாரிக்கவில்லை.

தானாகப் பின்தங்கி நிற்பவரைக் குறிக்க அரபியில் வேறு சொல் இருக்கிறது. 'தஅக்கர' என்ற வினை அதற்கு உரியது. ஸஹாபாக்களில் சிலர் பின்னால் தங்கி நிற்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முன்னால் வருமாறு அவர்களை அழைத்து, பின்தங்கிக்கொண்டே இருக்கும் கூட்டத்தை அல்லாஹ்வும் பின்தங்க வைத்துவிடுவான் என்று எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அங்கே பயன்படுத்தப்பட்டது இந்த வினைதான். கடைத்தெருவில் பீடி புகைத்துக்கொண்டு, இகாமத்துச் சத்தம் கேட்டும் "இமாம் பெரிய சூராவாக ஓதுவார், போகலாம்" என்று நிற்கிறவர் அந்த எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டும். ஆனால் எவர் அப்படி நின்றார், எவர் நிற்கவில்லை என்பதை அல்லாஹ் அறிவான். ஸஃப்பில் நிற்கும் நமக்கு அவர் மஸ்பூக் மட்டுமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அல்ஹஷ்ரு சூராவின் 10ஆம் வசனத்தில், முஹாஜிர்களுக்கும் அன்ஸாரிகளுக்கும் பின்னால் வந்த மூமின்களின் துஆ ஒன்றை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான். தங்களுக்கும், ஈமானில் தங்களை முந்திச் சென்ற சகோதரர்களுக்கும் மன்னிப்பைக் கேட்கும் துஆ அது. அங்கே 'முந்திச் சென்ற' என்பதற்கு வரும் வினையும் இதே 'ஸபக'தான். அவர்கள் நம்மை முந்தினார்கள் என்றால் நாம் யார்? முதல் ஸஃப்பில் இமாமுக்கு நேர் பின்னால் நிற்கிற முத்தவல்லியும், மிஹ்ராபில் நிற்கிற நாமும், ஈமானின் வரிசையில் மஸ்பூக்தான்.

இனி நம் கதைக்கு வருகிறோம்.

ஓதி முடித்து முதன்முதலாக இமாமத்துக்குப் போன ஊர், வாரச் சந்தை கூடும் ஊர். பள்ளிவாசலுக்கு எதிர்த் தெருவில் இருந்த ஓர் ஓட்டலில் பரோட்டா போடும் தொழிலாளி ஒருவர் இஷாவுக்கு வருவார். வரும்போது மூன்றாவது ரக்அத்தோ நான்காவதோ நடந்துகொண்டிருக்கும். முழங்கை வரை ஈரம் சொட்டும், பனியனில் மாவு ஒட்டியிருக்கும். கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நின்று, மீதியைத் தொழுது முடித்துச் சப்தமில்லாமல் போய்விடுவார். ஒரு வியாழன் இரவு பயானில் ஜமாஅத்தின் சிறப்பைப் பேசிக்கொண்டிருந்த நாம், பேச்சின் வேகத்தில், "நம் பள்ளியிலும் நிரந்தர மஸ்பூக் ஒருவர் இருக்கிறார், இஷாவே இரண்டு ரக்அத்துதான் என்று நினைத்திருக்கிறார் போலும்" என்று சொல்லிவிட்டோம். கூட்டம் சிரித்தது. அதோடு விடவில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடைசி ஸஃப்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து அவரைக் காணவில்லை. இரண்டு வாரம் கழித்து மோதினாரிடம் விசாரித்தோம். "அவரா? இஷா நேரந்தானே அவருக்கு அடுப்பு எரியிற நேரம். முதலாளி அரை மணி விடமாட்டார். கல்லை இன்னொரு ஆளிடம் கொடுத்துட்டு ஓடி வருவார், ஹள்ரத்" என்றார். மோதினாருக்கு இது முன்பே தெரியும். நாம்தான் கேட்கவில்லை.

அந்த வருடம் நோன்புக்கு முன்னால் உஸ்தாதைப் பார்க்கப் போனபோது மனம் உறுத்த இதைச் சொன்னோம். அவர்கள் உடனே எதுவும் சொல்லவில்லை. பாடம் நடத்துவது போல், "மஸ்பூக் என்ன ஸீகா?" என்று கேட்டார்கள்.

"இஸ்முல் மஃப்ஊல், ஹள்ரத்."

"அப்படியானால் முந்தியது யார்?"

"இமாமும் ஜமாஅத்தாரும்."

"நீர் பள்ளிவாசல் அறையிலேயே குடியிருக்கிறீர். எழுந்து பத்து எட்டு வைத்தால் மிஹ்ராப். அவர் அடுப்பை விட்டு ஓடி வருகிறார். நீர் அவரை முந்தியதில் உமக்கு என்ன பெருமை?" பிறகு சற்று நேரம் கழித்து, "தபூக்கில் மஸ்பூக் யார் என்று ஓதினீரா, மறந்துவிட்டீரா?" என்றார்கள். நமக்கு நா எழவில்லை.

ஓதியதுதான். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் பயணத்தில் நடந்ததை முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சுப்ஹுக்கு முன்னால் நபி (ஸல்) அவர்கள் தேவைக்காகத் தூரமாகச் சென்றார்கள். திரும்பி வந்ததும் முகீரா (ரலி) தண்ணீர் ஊற்ற, ஒளு செய்தார்கள். அணிந்திருந்த ஜுப்பாவின் கை இறுக்கமாக இருந்ததால் கையை ஜுப்பாவுக்கு உள்ளேயிருந்து எடுத்துக் கழுவினார்கள். காலுறைகள் மீது மஸ்ஹு செய்தார்கள். இருவரும் வந்து பார்த்தால், ஜமாஅத்து அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை முன்னிறுத்தித் தொழுதுகொண்டிருந்தது; ஒரு ரக்அத்து முடிந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் வந்ததை உணர்ந்த இமாம் பின்வாங்கப் பார்த்தார். அப்படியே தொடரும்படி சைகை செய்துவிட்டு, அல்லாஹ்வின் தூதர் அவர்கள் அவருக்குப் பின்னால் நின்று மீதி ரக்அத்தைத் தொழுதார்கள். இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து, தவறிய ரக்அத்தை நிறைவு செய்தார்கள். இதைக் கண்ட மக்கள் திடுக்கிட்டு தஸ்பீஹு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தொழுகையை முடித்த நபி (ஸல்) அவர்கள் அவர்களிடம் முகம் சுளிக்கவில்லை. நேரத்தில் தொழுதது நல்லதுதான் என்று அவர்களைப் பாராட்டினார்கள்.

இரண்டு பாடங்கள் ஒரே இடத்தில் இருப்பதைப் பாருங்கள். எவ்வளவு பெரியவர் வர வேண்டியிருந்தாலும் தொழுகையின் நேரம் காத்துக் கிடக்கவில்லை. முந்தியவர்களுக்குப் பாராட்டு உண்டு. அதே நேரத்தில், அந்தக் காலையில் முந்தப்பட்டவர் ரஸூலுல்லாஹ். அவர்களுக்குப் பொருந்திய ஒரு பெயரைத்தான் நாம் பயானில் ஏச்சாக்கினோம்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த ஓட்டலுக்குப் போனோம். அவர் கல்லடியில் நின்றபடியே நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "தொழுகையை விடல ஹள்ரத். பஸ் நிலையத்துக்கிட்ட உள்ள பள்ளியில தொழுவுறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது" என்றார். தேநீர் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். நாம் அந்த ஊரை விட்டு வரும் வரை நம் பள்ளிக்கு அவர் இஷாவுக்கு வரவில்லை.

இப்போது சட்டத்தின் பக்கம் போவோம். மஸ்பூக்குக்கு ஷரீஅத் எத்தனை வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை அறிந்தால், பிந்தி வந்தவர் கூச்சத்தால் திரும்பிப் போக மாட்டார்.

ஆரம்பக் காலத்தில் பிந்தி வருகிறவர், எத்தனை ரக்அத்து முடிந்தது என்று தொழுகையில் நிற்பவரிடம் கேட்பார். அவர் சைகையால் காட்டுவார். வந்தவர் தவறியதை முதலில் தனியாகத் தொழுதுவிட்டுப் பிறகு ஜமாஅத்தில் கலப்பார். இதனால் ஒருவர் நிற்க, ஒருவர் குனிய, ஒருவர் உட்கார என்று ஸஃப்பு பலவிதமாக இருந்தது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களை எந்த நிலையில் காண்கிறேனோ அந்த நிலையிலேயே சேருவேன் என்று சொல்லி அப்படியே சேர்ந்து, தவறியதைப் பின்னால் தொழுதார்கள். முஆத் உங்களுக்கு ஒரு வழியை ஏற்படுத்தித் தந்துவிட்டார், அப்படியே செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக அபூதாவூதில் வருகிறது. இன்று உலகம் முழுவதும் மஸ்பூக் தொழும் முறை, பிந்தி வந்த ஒரு ஸஹாபியின் வழியில் கிடைத்தது.

ஆகவே இமாம் ஸஜ்தாவில் இருந்தாலும், அத்தஹிய்யாத்தில் இருந்தாலும், நின்றபடி தக்பீர் தஹ்ரீமா சொல்லி அங்கேயே சேர வேண்டும். அடுத்த ரக்அத்து வரட்டும் என்று கைகட்டி வேடிக்கை பார்த்து நிற்பது சரியல்ல. ருகூவில் இமாமைப் பிடித்துவிட்டால் அந்த ரக்அத்து கிடைத்துவிட்டது. ருகூவு தவறிவிட்டால் அந்த ரக்அத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த ருகூவைப் பிடிப்பதற்காகத்தான் பள்ளிவாசல்களில் நடக்காத கூத்தெல்லாம் நடக்கிறது! ஹவுளுக் கரையிலிருந்து திடுதிடுவென்று ஓடி வருவார்கள். வாசலிலேயே நின்று கனைப்பார்கள். பொறுமையாளர்களோடு அல்லாஹ் இருக்கிறான் என்ற ஆயத்தை உரக்க ஓதி இமாமைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். குனிந்துகொண்டே தக்பீர் சொல்லி ஸஃப்பில் விழுவார்கள். குனிந்தபடி சொன்ன தக்பீர் தஹ்ரீமா செல்லாது. தக்பீர் செல்லாவிட்டால் தொழுகையே இல்லை. ஒரு ரக்அத்தைக் காப்பாற்றப் போய் முழுத் தொழுகையையும் இழந்தவர் அவர். இகாமத்தைக் கேட்டால் அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வாருங்கள், ஓடாதீர்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பதே புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள கட்டளை. அபூபக்ரா (ரலி) என்ற ஸஹாபி ருகூவு தவறிவிடுமோ என்று ஸஃப்பை அடையும் முன்பே குனிந்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் அவருடைய ஆர்வம் பெருகட்டும் என்று துஆச் செய்தார்கள். அதற்குப் பிறகே மறுபடி அப்படிச் செய்யாதீர் என்றார்கள். திருத்த வேண்டிய இடத்திலும் துஆ முந்திக்கொண்டது. நம் வாயில் எது முந்தியது என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

ருகூவில் இருக்கும் இமாம், ஒருவர் உள்ளே வருவதை உணர்ந்தால் சிறிது காத்திருக்கலாமா? ஷாஃபிஈ மத்ஹபில், நீட்டிவிடாமலும் ஆளுக்கு ஆள் வேற்றுமை பாராமலும் இருந்தால் காத்திருப்பது நல்லது. ஹனஃபி மத்ஹபில், வருகிறவர் இன்னார் என்று தெரிந்து அவருக்காக நீட்டுவது மக்ரூஹ். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஊர்ப் பெரியவரின் செருப்புச் சத்தத்துக்கு ஒரு ருகூவு, கூலியாளின் காலடிக்கு ஒரு ருகூவு என்று வைக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை.

நம் நாட்டில் இரண்டு மத்ஹபினரும் ஒரே பள்ளியில் தொழுகிறோம். ஆகவே சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் சற்று மாறுவதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹனஃபி கிதாபுகளில் மூன்று பெயர்கள் வருகின்றன. எல்லா ரக்அத்துகளையும் இமாமுடன் அடைந்தவர் முத்ரிக். ஒன்றோ அதிகமோ தவறிய பிறகு வந்து சேர்ந்தவர் மஸ்பூக். ஆரம்பத்திலேயே சேர்ந்து, தூக்கத்தாலோ ஒளு முறிந்ததாலோ இடையில் ரக்அத்தைத் தவறவிட்டவர் லாஹிக். (லாஹிக் என்றால் வந்து சேருகிறவர். கப்ருகளை ஸியாரத் செய்யும்போது, இன்ஷா அல்லாஹ் நாங்களும் உங்களோடு வந்து சேருகிறவர்கள் என்று ஓதுகிறோமே, அங்கே வருவதும் இதே சொல்தான்.) ஷாஃபிஈ கிதாபுகளில் மஸ்பூக் என்ற சொல்லுக்கு இன்னொரு நுட்பமான கருத்தும் உண்டு. இமாம் நிற்கும் நிலையில் ஃபாத்திஹா ஓதி முடிக்கும் அளவு நேரம் கிடைக்காதவர் மஸ்பூக், கிடைத்தவர் முவாஃபிக். அந்தக் கணக்கில் முதல் ரக்அத்திலேயே வந்தவரும் மஸ்பூக் ஆகலாம். அவர் ஃபாத்திஹாவை ஓதிக்கொண்டிருக்கும்போது இமாம் ருகூவுக்குப் போனால் அவரும் உடனே போய்விட வேண்டும். ஓதாத மீதியை இமாம் சுமந்துகொள்கிறார். ஆனால் தக்பீருக்குப் பின் வஜ்ஜஹ்து ஓதி நேரத்தைக் கழித்தவருக்கு இந்தச் சலுகை முழுமையாக இல்லை. அந்த அளவுக்கு அவர் ஃபாத்திஹா ஓதியாக வேண்டும். பிந்தி வந்தவர் நேராக ஃபாத்திஹாவில் இறங்கிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

எழுந்து தொழும் மீதி, தொழுகையின் ஆரம்பமா, கடைசியா? ஷாஃபிஈகளிடம் இமாமுடன் கிடைத்ததே அவருக்கு ஆரம்பம். அதனால்தான் சுப்ஹில் இரண்டாவது ரக்அத்தில் சேர்ந்தவர் இமாமுடன் ஒரு முறை குனூத்து ஓதிவிட்டு, தமது இரண்டாவதில் மறுபடி ஓதுகிறார். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' கிதாபில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஹனஃபிகளிடம் கிராஅத்தைப் பொறுத்தவரை எழுந்து தொழுவது ஆரம்ப ரக்அத்துகள். ஆகவே அவற்றில் ஃபாத்திஹாவுடன் சூராவும் ஓதுவார். உதாரணமாக லுஹரில் ஒரே ரக்அத்து கிடைத்த ஹனஃபி, எழுந்து ஃபாத்திஹாவும் சூராவும் ஓதி ஒரு ரக்அத்து தொழுது அத்தஹிய்யாத்துக்கு உட்காருவார். பிறகு ஃபாத்திஹாவும் சூராவும் ஓதி ஒன்று. கடைசியாக ஃபாத்திஹா மட்டும் ஓதி ஒன்று.

ஜும்ஆவில் மட்டும் கவனம் கூடுதலாக வேண்டும். இரண்டாவது ரக்அத்தின் ருகூவும் தவறிவிட்டால், ஷாஃபிஈ எழுந்து 4 ரக்அத்து லுஹராகத் தொழ வேண்டும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல்படி ஸலாமுக்கு முன்னால் சேர்ந்துவிட்டாலே 2 ரக்அத்து ஜும்ஆவாக முடிக்கலாம்.

மத்ரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு விடுகதை போடுவார்கள்: மூன்று ரக்அத்துள்ள மஃரிபில் நான்கு தடவை அத்தஹிய்யாத்து ஓதியவர் யார்? வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ரக்அத்தின் ருகூவுக்குப் பிறகு வந்து சேர்ந்த மஸ்பூக்தான் அவர். இமாமுடன் இரண்டு இருப்பு; எழுந்து ஒரு ரக்அத்து தொழுது ஓர் இருப்பு; பிறகு கடைசி இருப்பு.

வீட்டில் ஜமாஅத்து நடத்தும் குடும்பங்களிலும் இது தெரிந்திருக்க வேண்டும். கணவர் மஃரிபுக்குத் தக்பீர் கட்டிவிடுவார். அடுப்பில் பால் பொங்கும். அதை இறக்கி வைத்துவிட்டு வரும் மனைவி, "ஒரு ரக்அத்து போய்விட்டதே, இனித் தனியாகத்தான்" என்று அறைக்குள் போய்விடுகிறார். பல வீடுகளில் இப்படி என்று கேள்விப்படுகிறோம். போக வேண்டியதில்லை, சகோதரிகளே! எந்த நிலையில் இருக்கிறார்களோ அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். மீதியை எழுந்து தொழுங்கள். ஒரு ரக்அத்தை அடைந்தவர் தொழுகையை அடைந்துவிட்டார் என்ற நற்செய்தி உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒழுங்காக ஒளு செய்து பள்ளிக்குப் போய், அங்கே எல்லோரும் தொழுது முடித்திருக்கக் கண்டவருக்குக்கூட ஜமாஅத்தில் தொழுதவர்களின் கூலியைப் போன்றதை அல்லாஹ் கொடுக்கிறான் என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது.

கடைசியாக, முந்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. இமாம் ஸலாம் கொடுத்த அடுத்த விநாடி மஸ்பூக்குகள் மீதியைத் தொழ எழுகிறார்கள். அதே விநாடியில் நாம் என்ன செய்கிறோம்? அவர்களுக்குக் குறுக்கே நடக்கிறோம். ஒலிபெருக்கியில் சந்தா அறிவிப்பு தொடங்குகிறது. பாவம், அவர் எத்தனையாவது ரக்அத்து என்பதையே மறந்து நிற்கிறார். இப்போது நாம் இருக்கும் பள்ளியில் இதைப் பற்றிப் பேசியபோது, "கடைசி ஆள் முடிக்கும் வரை காத்திருந்தால் விடிந்துவிடும் ஹள்ரத்" என்று நிர்வாகி ஒருவர் சிரித்தார். சரி, பார்த்துவிடுவோம் என்று ஓர் இஷாவுக்குப் பிறகு தஸ்பீஹு ஓதியபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஸஃப்பில் கடைசியாக நின்றவர் ஸலாம் கொடுத்தபோது ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அறிவிப்பு அதற்குப் பிறகுதான்.